சிவகாசிப் பாதையில் வீட்டு வண்டி

விருதுநகருக்கு மழையைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. வியாபாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ள நிறைய உண்டு. வானம் பார்த்த பூமியின் நடுவே உட்கார்ந்துகொண்டு மிளகாய் வற்றலுக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லுகிற ஊர் அது. காமராஜர் 1903-ல் பிறந்ததும் அந்த ஊரில்தான். அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டாவையும் ருசி பார்க்காமல் திரும்பும் யாத்திரிகர் அபூர்வம். நாங்கள் அந்த அபூர்வப் பிறவிகள் அல்ல.

அங்கிருந்து மேற்கே ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குச் செல்கிறது சாலை. இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் இருக்கலாம். இருபுறமும் கரிசல் காடு. கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். இடையிடையே சிறுசிறு அறைகள், ஒன்றுக்கொன்று விலகி, வேப்பமரங்களுக்குள் தனித்தனியே நிற்கும். புதிதாகப் பார்ப்பவர், "இது என்ன, சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் கட்டிய வீடுகளா?" என்று கேட்பார். பட்டாசுத் தொழிற்சாலைகள் அவை. ஓர் அறையில் விபத்து நேர்ந்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காகவே அந்த விலகல். மருந்து அறைக்குள் நுழையுமுன் தொழிலாளி ஓர் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் அதன் வழியாகப் பூமிக்குள் இறங்கிவிடும்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதையைச் சிவகாசியில் குழந்தைகளும் சொல்லும். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசும், இரண்டுக்கும் லேபில் அடிக்கப்போய் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் தேசத்தின் நாலாபக்கத்து லாரிகளும் இந்தச் சாலைக்கு வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் அட்டைப்பெட்டிகளில் அடைத்த வெடிச் சரக்கு.

இப்படிப்பட்ட பாதையில்தான் நாங்கள் நால்வர், ஜீப்புக்குப் பின்னால் வீட்டு வண்டி ஒன்றைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளடங்கிய இரண்டு சக்கர வண்டி. எடை சுமார் 900 கிலோ. எங்களில் ஒருவருடைய மைத்துனர், ஆஸ்திரேலியாவில் சில காலம் இருந்தவர், ஆசையாகக் கட்டி முறைப்படி பதிவும் செய்து வைத்திருந்தார்.

பின்னால் வரும் வண்டியை நிறுத்துவதற்கு உலகத்தில் பல உபாயங்கள் இருக்கின்றன. நம் ஊர் நீள லாரிகளில் காற்றழுத்தப் பிரேக். ஐரோப்பாவில் வீட்டு வண்டி முன்னால் முட்டும் விசையே அதன் பிரேக்கை அழுத்திவிடும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மின்சாரப் பிரேக் அதிகம். டிராக்டருக்குப் பின்னால் விறகும் வைக்கோலுமாக நாங்கள் கண்ட டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பின்விளக்கே எரியவில்லை. பிரேக்கைப் பற்றிக் கேட்பானேன்!

எங்களுடையது மின்சாரப் பிரேக். அதன் சூட்சுமம் எளியது. ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஜீப்பில் ஓட்டுபவர் பிரேக்கை மிதித்ததும், அவர் கைக்கெட்டும் இடத்திலுள்ள சிறு பெட்டி ஒரு கம்பி வழியாகப் பின்னால் மின்சாரம் அனுப்பும். காந்தம் சுழலும் டிரம்மைப் பற்றிக்கொண்டு அதனுடன் சற்று நகரும். அந்த நகர்ச்சி ஒரு நெம்புகோலைத் தள்ளி, பிரேக் கட்டைகளை விரிக்கும். மிதிக்காமலே கையால் இயக்கவும் அந்தப் பெட்டியில் ஒரு விசை உண்டு. 12 வோல்ட்டில் காந்தம் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர். இரண்டு சக்கரத்துக்கு 6. அவ்வளவுதான் கணக்கு.

ஆமத்தூர் தாண்டிய பிறகு அந்தக் கணக்கு பிசகியது. முன்னால் போன லாரி திடீரென்று நிதானித்தது. ஜீப்பின் பிரேக்கை மிதித்தால், முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல் 900 கிலோவும் எங்களை முன்னே உந்திற்று. லாரிக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு முழம் மிஞ்சியிருக்கலாம். லாரியின் பின்கதவில் எழுதியிருந்த அபாய எச்சரிக்கையை அவ்வளவு பக்கத்தில் வாசிக்க எங்களுக்கு விருப்பமிருக்கவில்லை. அடுத்த முறை மிதித்தபோது பிரேக் நன்றாகவே பிடித்தது. அதற்கடுத்த முறை இல்லை. எப்போதும் பிடிக்காத பிரேக்கை நம்பாமல் இருந்துவிடலாம். சமயத்தில் பிடித்துச் சமயத்தில் கைவிடுவதை என்ன செய்வது?

நத்தைபோல் ஊர்ந்து, திருத்தங்கலுக்கு அருகே லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு பட்டறையை அடைந்தோம். அறுபது வயது மதிக்கத்தக்க பட்டறைக்காரர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நாங்கள் விஷயத்தைச் சொல்லி வண்டியை நிழலில் ஒதுக்கப்போனோம்.

"அங்கே வேண்டாம் சார். அந்த லாரியிலே சரக்கு இருக்கு. வயரைப் பிரிச்சா பொறி வரும். புளியமரத்தைத் தாண்டி, தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துங்க."

"வெகு தூரம் இருக்கிறதே, அண்ணாச்சி?"

"இருக்கட்டும். முதலிப்பட்டிச் சத்தம் எனக்கு இன்னும் காதிலே இருக்கு."

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை அவர் சொன்னார். அன்று 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அவர்களில் பலர். நாங்கள் மறுபேச்சில்லாமல் புளியமரத்தைத் தாண்டினோம்.

மின்சாரப் பிரேக்கை அவர் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் விளக்கத்தை ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு எங்களைக் கேட்கவேயில்லை. பிளக்கில் எங்கள் மீட்டர் 12 வோல்ட் காட்டியது. "மின்சாரம் சரியாகத்தானே வருகிறது?" என்றோம். அவர் சிரித்தார்.

"சும்மா நிக்கையிலே எல்லா வயரும் நல்ல வயர்தான் சார். வேலை குடுத்துப் பாக்கணும்."

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓம் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிற எங்களுக்கு இது உடனே விளங்கிற்று. இரண்டு காந்தங்களும் சேர்ந்து சுமார் 2 ஓம் தடை. துருப்பிடித்த ஓர் இணைப்பு இன்னொரு ஓம் சேர்த்துவிட்டால் 6 ஆம்பியர் 4 ஆகிவிடும். மூன்றிலொரு பங்கு வோல்ட்டும் அந்தத் துருவிலேயே செலவாகும். ஆனால் மின்சாரம் ஓடாதபோது மீட்டர் முழு 12-ஐயே காட்டும். அதற்குச் சுமையில்லை அல்லவா?

அவர் ஒரு பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு வயர் கட்டி எடுத்துவந்தார். எங்களில் ஒருவர் கை விசையை அழுத்திக்கொள்ள, பிரேக் கம்பிக்கும் வீட்டு வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே பல்பைப் பிடித்தார். அழுது வடிந்தது. சட்டத்தை விட்டு, ஜீப் பாட்டரியின் நெகட்டிவிலிருந்து தனியாக இழுத்துவந்த வயரைத் தொட்டதும் பளிச்சென்று எரிந்தது. போகும் வழி சரி, திரும்பும் வழிதான் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். எர்த் வயரைச் சட்டத்தின் பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள், உள்ளே துரு. ஜீப்பையும் வண்டியையும் சேர்க்கும் கொக்கியின் இரும்பு வழியாகவே அதுவரை மின்சாரம் திரும்பிக்கொண்டிருந்தது. மேடு பள்ளத்தில் கொக்கி குலுங்கும்போதெல்லாம் அந்த வழியும் விட்டு விட்டுப் போயிருக்கிறது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பெயிண்டைச் சுரண்டி, இரும்பு மின்ன உப்புத்தாள் தேய்த்து, புது முனை வைத்து இறுக்கினார்.

எங்களுக்கு அத்துடன் கிளம்ப ஆசைதான். அண்ணாச்சி விடவில்லை. பிரேக் கம்பியில் ஆம்பியர் மீட்டரை இடையே கோத்துப் பார்த்தார். 6 வரவேண்டிய இடத்தில் 3. ஒரு சக்கரம் இன்னும் தூங்குகிறது! இரண்டு காந்தங்களையும் தனித்தனியே கழற்றி அளந்ததில் ஒவ்வொன்றும் 3 ஓமுக்கும் 4 ஓமுக்கும் இடையே காட்டியது; ஆகவே காந்தங்கள் மேல் குற்றமில்லை. வலப்பக்கச் சக்கரத்துக்கு வயர் அச்சுக்குழாயின் உள்ளே ஓடியது. அதைப் பிடித்து இழுத்தார். பாதி வந்தது. குழாய்க்குள்ளேயே உரசி உரசித் தோல் கிழிந்து, செம்பு இழைகள் பச்சை பூத்து அற்றுப்போயிருந்தன. அறுந்த முனை குழாயைத் தொட்டிருந்தால் ஷார்ட் ஆகி, இரண்டு சக்கரமும் ஒன்றாகவே போயிருக்கும். புதிய வயரைக் குழாய்க்கு வெளியே, பிளாஸ்டிக் உறை போட்டு, சாணுக்கொரு கட்டாகக் கட்டினார். மீட்டர் 6-க்கு ஏறிற்று.

கடைசியாக வீட்டு வண்டியின் முகப்பிலிருந்த சிறு பாட்டரியைச் சுட்டி, "இது எதுக்கு?" என்றார். ஓட்டத்தில் கொக்கி கழன்றுவிட்டால், கயிறு ஒரு முளையைப் பிடுங்கி, அந்தப் பாட்டரியின் மின்சாரத்தைச் சக்கரங்களுக்குக் கொடுத்து வண்டியை நிறுத்திவிடும் என்று விளக்கினோம். அதையும் பார்த்தே தீரவேண்டும் என்றார். ஜீப்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு முளையை இழுத்தோம். நால்வர் தள்ளியும் வண்டி அசையவில்லை. பாட்டரி வடிந்துபோகுமுன் முளையைத் திரும்பச் செருகினோம்.

வெறிச்சோடிய ஒரு கிளைச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் கை விசையை மட்டும் அழுத்திப் பார்த்தோம். வீட்டு வண்டி ஜீப்பைப் பின்னுக்கு இழுத்தது, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளவுமில்லை. இறங்கி டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோனால் இரண்டிலும் ஒரே அளவு வெதுவெதுப்பு. அண்ணாச்சி கேட்ட கூலி எங்களுக்கே கூச்சம் தருமளவு சொற்பம். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்து, அதற்குப் பதிலாகப் படுக்கையையும் அடுப்பையும் பேரனுக்குத் திறந்து காட்டச் சொன்னார். அந்தப் பையன் உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்ததில் அரை மணி போயிற்று. சிவகாசியைக் கடந்து நாங்கள் திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தைக் காணும்போது நன்றாக இருட்டிவிட்டது.