பெயர் எழுதும் முன்னே



பிழைப்பைத் தேடித் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்முடைய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் இன்று கல்லூரிக்குச் செல்லுகிறார்கள். மலையாளம் பேசத் தெரிந்தும் எழுதத் தயங்குகிற பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே தோழமை தேவைப்படுகிறது. விண்ணப்பம் நிரப்ப உதவுகிற மூத்த மாணவியர் சில வேளைகளில் உறுப்பினர் சீட்டையும் நீட்டுகிறார்கள். அதில் பெயர் எழுதும் முன்னே, அது எவ்வகை அமைப்பு என்று நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட மாணவியர் சங்கங்கள் உண்டு. நம் ஊரில் அவற்றின் இடத்தில் இருப்பவை வேறு.

முதலாவது, அரசியல் சார்ந்த அமைப்புகள். கே.எஸ்.யு. 1957இல் தோன்றியது, காங்கிரஸைச் சார்ந்தது. எஸ்.எஃப்.ஐ. 1970 டிசம்பரில் இதே நகரத்தில் நடந்த மாநாட்டில் உருவானது. மார்க்சிஸ்ட் கட்சியோடு நிற்பது. ஏ.பி.வி.பி. 1949 முதல் இயங்குவது, ஆர்.எஸ்.எஸ். வழி வந்தது. இவற்றால் நன்மையே இல்லை என்று நான் சொல்லேன். 1958இல் படகுக் கட்டண உயர்வை எதிர்த்து கே.எஸ்.யு. நடத்திய ஓரணா சமரத்தை மூத்தவர்கள் அறிவார்கள். ஆயினும் உறுப்பினரானால், படிப்புமுடக்கு நாளில் வகுப்பை விட்டு வெளியே வரும்படி அழைப்பும் வரும்.

இரண்டாவது, கல்லூரி யூனியன். இது கட்சி அன்று. மாணவர் தேர்ந்தெடுக்கும் மன்றம். கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் லிங்டோ குழுவின் பரிந்துரைகளை ஏற்றது. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டலாகாது. வருகைப்பதிவு குறைந்தது 75 சதவீதம் வேண்டும். கட்சிப் பணம் கூடாது என்பன அவற்றுட் சில.

மூன்றாவது, சேவை அமைப்புகள். என்.சி.சி. 1948இல் தொடங்கியது; மறு ஆண்டே பெண்கள் பிரிவு வந்தது. 1969இல் தொடங்கிய என்.எஸ்.எஸ். நாட்டு நலப்பணித் திட்டமாகும். கேரளத்தில் நாயர் சர்வீஸ் சொசைட்டிக்கும் இதே மூன்றெழுத்து வழங்குவதால் நம் பெற்றோர் குழம்புவதுண்டு, இரண்டும் வெவ்வேறு.

நான்காவது, ஜெப ஐக்கியங்கள். 1954இல் அமைந்த யு.இ.எஸ்.ஐ. போன்றவை பல காலமாய் மாணவரிடையே ஊழியம் செய்கின்றன. ஆனால் வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பதனாலேயே ஒரு கூட்டத்தை விசாரிக்காமல் ஏற்றுக்கொள்ளலாகாது. எந்தக் கூட்டமானாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது? முடிவு எடுப்பவர் கல்லூரிக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? விலக நினைத்தால் தடையின்றி விலகலாமா?

என் அக்காள் மகள் இரண்டு சீட்டுகளோடு ஒருநாள் வீடு வந்தாள். அமைப்பின் கொள்கை என்ன என்று அவள் கேட்கவில்லை. "வேண்டாம் என்றால் அவர்கள் என்னோடு பேசுவார்களா, சித்தி?" என்றே கேட்டாள். அந்தக் கேள்வியில் அவளுடைய தனிமை முழுவதும் இருந்தது. ஒரு வாரம் தவணை கேட்கச் சொன்னேன். கேட்டாள். ஒரு கூட்டத்தார் மறுநாளே முகம் திருப்பிக்கொண்டார்கள். மற்றவர்களோ மதிய உணவு வேளையில் வழக்கம்போல் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் எதிலும் சேரவில்லை. அந்தத் தோழிகள் மட்டும் அவளுக்கு நிலைத்தார்கள்.

பெற்றோரே, எதிலும் சேராதே என்று பொதுவாய்த் தடைசெய்யாதீர்கள். அப்படித் தடைசெய்யப்பட்ட பிள்ளை சேர்வதை மறைக்கக் கற்றுக்கொள்ளுவாள். மாலையில் அவள் வீடு திரும்பும்போது, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று அன்பாய் விசாரியுங்கள். மாணவியரே, உங்கள் மறுப்பைத் தாங்கக்கூடிய நட்பையே நம்புங்கள். கையெழுத்துக்கு அவசரப்படுத்துகிறவர்களிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள். அந்த ஏழு நாட்களில் அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.