நாலு பக்க அஃபிடவிட்

சிரம்பானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நாற்பது வருசம் பால்மரம் வெட்டியவர் என் பெரியப்பா. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி இப்போது கோர்ட் கடுதாசி வந்திருக்கிறது. வழக்கு 2012 நீதிமன்ற விதிகளின் ஆணை 89-இன் கீழ்; அது நிலத்தைச் சீக்கிரம் மீட்பதற்கான வழி. பெரும்பாலும் இரு தரப்பு அஃபிடவிட்டை வைத்தே முடிவாகும். அதனால் எழுதிக் கொடுப்பதுதான் எல்லாமே.

வழக்கை அவரே பேசுவார். எழுத மட்டும்தான் உதவி கேட்டு அலைந்தோம். “முழு கேஸையும் கொடுங்க, பாதி வேலை எடுக்க மாட்டோம்” என்றார்கள் வழக்கறிஞர்கள். பெயர் போட்டால் பொறுப்பு வரும் என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் முழுக் கட்டணத்துக்கு அவர் எங்கே போவார்?

வழக்கறிஞர் நண்பர்களே, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டணம் தருகிறோம். விசாரணை அடுத்த மாதம்.