நாலு நொடி

பெண் கவிஞர்களின் கவிதைகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் இணையதளம் நடத்துகிறோம். முகப்பைத் தட்டினால் நாலு நொடிக்கு வெறும் வெள்ளைத் திரைதான். பராமரித்துத் தந்தவரிடம் கேட்டேன். "சர்வர் பத்தல மேடம், பெரிய பிளானுக்கு மாறுங்க" என்றார். ஏன் பத்தவில்லை என்றதற்கு, "அதெல்லாம் டெக்னிக்கல் மேடம்" என்றார். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் இந்தத் தொனி எனக்குப் புதிதில்லை. பணம் கட்டி மாறினோம். மூன்றரை நொடி ஆனது.

நாலு நொடியெல்லாம் ஒரு விஷயமா? எங்கள் வாசகி ஒருவர், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் ஒரு கவிதை படித்துவிடுவேன் என்பார். போன் அவருடையதுகூட இல்லை, மகனுடையது.

அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்து ஓய்வுபெற்ற கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர், தன் உரைகளைக் கேட்க வந்தவர்களுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் கம்பித் துண்டுகளைக் கொடுப்பார். ஒரு நானோ நொடியில் ஒளி கடக்கும் தூரம் அது. மைக்ரோ நொடிக்குச் சுமார் 300 மீட்டர் கம்பிச் சுருள். நாலு நொடிக்கு அப்படி 40 லட்சம் சுருள்கள் வேண்டும்.

கணினி அறிவியலை விட்டுத் தமிழ் படிக்க வந்த என் மாணவி ஒருத்தி, வேர்ட்பிரஸில் குவெரி மானிட்டர் பிளகினை நிறுவிப் பார்த்தாள். முகப்பில் 140 கவிஞர்களின் பெயர்கள், பக்கத்திலேயே அவரவர் கவிதைகளின் எண்ணிக்கை. பெயர்ப் பட்டியலுக்காகத் தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி, பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கேள்வி. யார் வந்து திறந்தாலும் 141 முறை கதவைத் தட்டிக்கொண்டிருந்தது எங்கள் தளம். கவிஞர் பெயர் மெட்டா அட்டவணையில் இருந்தது. அந்த மதிப்புப் பத்திக்கு வேர்ட்பிரஸில் இயல்பாக இன்டெக்ஸ் கிடையாது. அதனால் தேடலும் சுற்றிவளைத்துத்தான் நடந்தது.

அவள் பெயர்களைத் தனி வகைப்பாடாக மாற்றினாள். வகைப்பாட்டில் எத்தனை பதிவுகள் என்பதை வேர்ட்பிரஸே எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளும். 141 கேள்விகள் ஒன்றாகின. முக்கால் நொடிக்கு வந்தது. அடுத்து கேஷ்: ஒருமுறை தயாரான பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தரவுத்தளத்தைத் தொடாமல் அதையே எல்லோருக்கும் தருவது. "மாவாட்டி ஃபிரிட்ஜில வைக்கிற மாதிரி மேம்" என்றாள். நமக்கு எதை விளக்கினாலும் அடுப்படி வழியாகத்தான் வரவேண்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "நூலகத்துல ஜெராக்ஸ் எடுத்து வைக்கிற மாதிரி" என்று மாற்றிக்கொண்டாள். மாவு உதாரணம்தான் பொருத்தம், அது வேறு விஷயம். ஏனென்றால் மாவு புளிக்கும்.

புளித்தது. கவிஞர் ஒருவர் தன் பெயரிலிருந்து கணவர் பெயரை எடுத்துவிடச் சொன்னார். பதினெட்டு வருடம் ஒட்டியிருந்த பெயர். அன்றே மாற்றினேன். மறுநாள் அழைத்தார். "இன்னும் அவர் பேரும் சேர்ந்துதாங்க வருது." என் திரையில் சரியாக இருந்தது. உள்நுழைந்திருந்த எனக்குப் புதிய பக்கம், வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எடுத்து வைத்த பழைய பக்கம். கவிதையைத் திருத்தினால் கேஷ் அழியும்படி வைத்திருந்தோம். பெயரைத் திருத்தினால் அழியவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மாணவி அதற்கும் நாலு வரி நிரல் எழுதிச் சேர்த்தாள். மாலையில் அவரை அழைத்து, போனை வைக்காமலே திறந்து பார்க்கச் சொன்னேன்.

"ம், சரியா இருக்கு" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "மூணாவது கவிதையில ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு, பாருங்க" என்றார்.