எரித்த உடுப்பும் எஞ்சிய உடுப்பும்

விடுதலைப் பயண நூலில் பெட்சலேல் என்னும் கைவினைஞனைப் பற்றிப் படிக்கிறோம். பொன்னிலும் மரத்திலும் துணியிலும் வேலை செய்ய வேண்டிய அம்மனிதனை ஆண்டவர் தம் ஆவியால் நிரப்புகிறார். இறைவாக்கினர்க்கு அருளப்பட்ட அதே ஆவி தொழிலாளிக்கும் அருளப்படுகிறது. குருமடத்தில் இப்பகுதியை விளக்கி எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் நாம். எழுதியது நெஞ்சில் இறங்கியதோ பல ஆண்டுகள் கழித்து, இலண்டன் மாநகரில், ஒரு கண்ணாடிப் பேழையின் முன்னே.

2012-ஆம் ஆண்டு உரோமையில் மூன்று மாதப் பயிற்சியொன்றை முடித்துத் திரும்பும் வழியில், இலண்டனில் பணியாற்றிய நண்பரான குரு ஒருவரோடு நான்கு நாட்கள் தங்கினோம். "கட்டணம் இல்லை, கட்டாயம் பாருங்கள்" என்று அவர் நம்மை அழைத்துச் சென்ற இடம் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்.

1851-ஆம் ஆண்டின் மாபெரும் பொருட்காட்சியின் விளைவாக 1852-இல் தொடங்கி, 1857-இல் சவுத் கென்சிங்டனுக்கு வந்த நிறுவனம் அது. அரசர்களின் வெற்றியைக் காட்டுவதைவிட, தொழிலாளரும் பொதுமக்களும் நல்ல வேலைப்பாட்டைக் கண்டு பயில வேண்டும் என்பதே அதன் முதல் இயக்குநர் ஹென்றி கோலின் நோக்கம். பகலெல்லாம் உழைப்பவர்கள் மாலையில் வந்து பார்ப்பதற்காக எரிவாயு விளக்குகளை ஏற்றிவைத்தார். இன்று அங்கே 28 இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. தட்டும் பூட்டும் நாற்காலியும் கம்பளமும் அங்கே மதிப்போடு வீற்றிருக்கின்றன. நம் சோழமண்டலக் கரையின் வண்ணப் பருத்தித் துணிகளும் உண்டு. 1799-இல் திருவரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொண்டுசெல்லப்பட்ட திப்புவின் மரப்புலியும் உண்டு. எல்லாப் பொருளும் நேர்வழியில் வந்ததன்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

இடைக்காலக் கூடத்தில் நண்பர் நம்மை நிறுத்திய இடத்தில் வெளிச்சம் குறைவு. பழந்துணிக்கு ஒளியே பகை. கண் பழகியதும், குருக்கள் தோள்மேல் அணியும் அரைவட்டத் திருவுடை ஒன்று தெரிந்தது. 'சையன் கோப்' என்பது அதன் பெயர். 1310-க்கும் 1320-க்கும் இடையில் இங்கிலாந்தில் தைக்கப்பட்டது. சிலுவையில் ஆண்டவர், அலகையை வெல்லும் மிக்கேல், மகதலா மரியாவுக்குத் தோன்றும் உயிர்த்த இயேசு, அவர் விலாக் காயத்தைத் தொடும் நம் தோமா என்று எல்லாமே நூலிலும் பொன்னிழையிலும் உருவானவை.

அக்கால ஆங்கிலப் பூத்தையலின் நுட்பத்தை நண்பர் விளக்கினார். பொன்னிழையைத் துணியின் மேல் கிடத்துவார்கள். அடியிலிருந்து வரும் சணல்நூல் ஒன்று அதைச் சிறிது உள்ளே இழுத்து, பின்புறத்தில் பிடித்துக்கொள்ளும். மேலே பொன் மட்டுமே தெரியும். தாங்கும் நூல் தெரியாது. அதனால்தான் எவ்வளவு மடித்தாலும் துணி இசைந்து கொடுக்கும். 1295-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட பாப்பிறையின் கருவூலப் பட்டியலில் வேறெந்த நாட்டுத் தையலையும்விட ஆங்கிலத் தையலே மிகுதியாம். யாரோ ஒருவர் அமர்ந்து பட்டியல் எழுதியதால் அல்லவா அது நமக்குத் தெரிகிறது!

பின்னர் வந்த சமயப் புரட்சிக் காலத்தில் அந்நாட்டின் திருவுடைகள் பல வெட்டப்பட்டன. பொன்னுக்காகவும் வெள்ளிக்காகவும் எரிக்கப்பட்டன. இந்த ஒன்று தப்பியது, சையன் மடத்துக் கன்னியரிடம் இருந்ததால். ஐந்தாம் ஹென்றி 1415-இல் நிறுவிய அம்மடம் 1539-இல் கலைக்கப்பட்டது. நாடிழந்து அலைந்த கன்னியர் 1594-இல் லிஸ்பனில் தஞ்சம் புகுந்தனர். அங்கே அவர்களோடு இருந்த இவ்வுடை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாயகம் திரும்பி, 1864-இல் அருங்காட்சியகத்தை அடைந்தது. நாம் கண்டதற்கு முந்தைய ஆண்டுதான், 2011-இல், எஞ்சியிருந்த முதிய கன்னியரும் மடத்தை மூடிவிட்டார்கள். காத்தவர்களின் இல்லம் போயிற்று, காக்கப்பட்டது இருக்கிறது.

உடையின் ஓரப்பட்டை முழுவதும் பெருங்குடிகளின் சின்னங்கள். தைத்தவர்களின் பெயர் மட்டும் எங்குமே இல்லை. அதைக் கேட்டதும் நமக்குள் ஒரு பழைய குற்றம் தலை தூக்கியது.

நாம் குருவாகத் திருநிலை பெற்ற மறு ஆண்டு, 1998. முதல் பங்கில் உதவிக் குரு. பழைய அலமாரிகளைத் துப்புரவு செய்தோம். வெண்பட்டில் ஆட்டுக்குட்டி ஒன்று தைக்கப்பட்ட பழைய பூசை உடுப்பு கைக்கு வந்தது. பட்டு இற்று, இழை பிரிந்திருந்தது. அர்ச்சிக்கப்பட்ட பொருளை வீதியில் எறியலாகாது என்ற முறைப்படி அதை எரித்தோம். சாம்பலைக் கோயில் வளாகத்தில் புதைத்தோம். ஆடம்பரத்தைவிட மாண்புள்ள அழகையே நாட வேண்டும் என்ற வத்திக்கான் சங்கப் போதனை நம் நாவில் இருந்தது. அதே திருவழிபாட்டு ஏட்டில், விலைமதிப்புள்ள திருப்பொருள்கள் சிதறாமல் காக்கப்பட வேண்டும் என்று 126-ஆம் பத்தி சொல்வது அன்று நம் நினைவுக்கு வரவில்லை.

அவ்வாண்டுத் திருவிழாவன்று ஓர் அம்மா வந்தார். "சாமி, அந்த ஆட்டுக்குட்டி போட்ட உடுப்பை ஒரு தடவை பாக்கலாமா?" என்றார். 1955-இல், பதினாறு வயதில், கன்னியர் மடத்துத் தையற்கூடத்தில் ஒரு தவக்காலம் முழுதும் அமர்ந்து அந்த ஆட்டுக்குட்டியைத் தைத்தவர் அவர்! "அது இற்றுப்போய்விட்டது, எரித்துவிட்டோம் அம்மா" என்றோம். "சரிங்க சாமி" என்று திரும்பிப் போனார். கூட்டத்தின் பரபரப்பில் நாமும் மறந்துபோனோம்.

இலண்டனிலிருந்து திரும்பியதும் அவரைத் தேடிப் போனோம். எழுபதைக் கடந்திருந்தார், பார்வை மங்கியிருந்தது. கண்டதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "அந்த உடுப்பைப் போட்டு அங்க பூசை வைக்கிறாங்களா சாமி?" என்றார்.

"இல்லை அம்மா, கண்ணாடிக்குள் இருக்கிறது."

"அப்ப நம்ம உடுப்பு பரவாயில்ல. இத்துப்போற மட்டும் பூசை பாத்துச்சு."

நம் மனம் இலேசாயிற்று. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றே எண்ணினோம். அவர் சற்று நேரம் கழித்துத் தொடர்ந்தார்: "எரிச்சது தப்பில்ல சாமி. எரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு தடவை தொட்டுப் பாத்திருப்பேன்."

தொட்டுப் பார்க்கத் தோமாவுக்கு ஆண்டவர் இடம் கொடுத்தார். நாம் அந்தத் தாய்க்குக் கொடுக்கவில்லை. மறுமொழி சொல்ல வாய் எழவில்லை; "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று மட்டும் சொன்னோம். அவர் நம் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

அன்பர்களே, ஒவ்வொரு பங்கும் அருங்காட்சியகமாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பயன்படுவதற்கே படைக்கப்பட்டவை பயன்பட்டே தேயட்டும். ஆனால், கோயில் உடைமைகளுக்குச் செம்மையான பட்டியல் வேண்டும் எனத் திருச்சபைச் சட்டம் 1283-ஆம் எண்ணில் கேட்கிறது. 1999-ஆம் ஆண்டு டிசம்பரில் உரோமையின் பண்பாட்டுச் செல்வ ஆணையமும் அதன் அவசரத்தை வலியுறுத்தியது. ஒரு குறிப்பேடும் பேனாவும் போதும். கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் கல்லிலேயே இருக்கும். செய்தவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தச்சரோ தையற்காரரோ குத்துவிளக்கு வார்த்தவரோ என்றால், நீங்களே பங்குத்தந்தையிடம் சென்று சொல்லுங்கள். பழையதைக் கழிக்கும் நாள் வந்தால், முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

நம் முதல் பங்கின் இப்போதைய பங்குத்தந்தையிடம் வேண்டி, அங்குள்ள பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம். வெண்பட்டுப் பூசை உடுப்பு, ஆட்டுக்குட்டி உருவத்துடன், 1955, தைத்தவர் என்ற இடத்தில் அந்த அம்மாவின் பெயர், 1998-இல் எரிக்கப்பட்டது. எரித்தவர் என்ற இடத்தில் நம் பெயரையும் எழுதச் சொன்னோம்.