உயிரோடு இருப்பதற்கான கடதாசி

ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கல் கழிந்து சில நாள்களில் ரொறன்ரோவிலிருந்து அக்கா அனுப்பும் கடித உறை ஒன்று எனக்கு வந்து சேரும். உள்ளே ஒரேயொரு தாள். இன்னார் இன்ன தேதியில் என் முன்னிலையில் தோன்றினார், உயிரோடு இருக்கிறார் என்று அதில் எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட்டிருப்பார்கள். இன்னார் என்பவர் என் அப்பா. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுக்குப் போய், அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வருவது இருபது ஆண்டுகளாக என் கடமை. பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ பேரின் மரணச் செய்தியை எழுதியாயிற்று. ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியைச் சுமந்துகொண்டு போவது ஆண்டில் இந்த ஒரு நாள்தான்.

அப்பாவுக்கு இப்போது தொண்ணூறு வயது. இலங்கை அரசாங்கத்தின் ஓய்வூதியம் பெறுகிறவர். அது ஊரிலுள்ள வங்கிக் கணக்கில் மாதந்தோறும் விழுகிறது. அவரோ பனி கொட்டும் நகரம் ஒன்றில், பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறார். நீங்கள் இருக்கிறீர்களா என்று அரசாங்கம் ஆண்டுக்கொரு முறை கேட்கிறது. இருக்கிறேன் என்று அவர் பதில் அனுப்புகிறார்.

எங்கள் வீட்டில் ஓய்வூதியம் கடல் கடந்தது இது முதல் தடவையன்று. அப்பப்பா ஒரு மலாயன் பென்சனியர். தீவுப்பகுதியை அறிந்த முதியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவில் புகையிரதப் பாதை போடத் தொடங்கிய காலத்திலிருந்தே யாழ்ப்பாணத்தார் அங்கு போய்க்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் படித்த பையன்கள் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் ஆனார்கள். ஐம்பத்தைந்து வயதில் பென்சனோடு திரும்பி வந்து நாற்சார் வீடு கட்டினார்கள், கோயிலுக்கு மண்டபம் போட்டார்கள், பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுத்தார்கள். வேலணையில் எங்கள் வீட்டை இன்றும் சிலர் 'மலாயன்காரர் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். கூரையில் பாதி இல்லை. பெயர் மட்டும் முழுதாக இருக்கிறது.

அப்பப்பா 1955 இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். அப்போது மலாய டொலர் ஒன்றின் மதிப்பு இரண்டு சிலிங் நான்கு பென்சு. இலங்கை ரூபா ஒரு சிலிங் ஆறு பென்சு. கணக்குப் போட்டால், ஒரு டொலருக்கு ஒன்றரை ரூபாவுக்குச் சற்று அதிகம். அவர் 1978 இல் காலமானபோது அதே டொலர் ரிங்கிற் ஆகி, ஆறு ரூபாவைத் தாண்டியிருந்தது. மனிதர் சாய்மனைக் கதிரையில் சும்மா படுத்திருந்தார். அவருடைய பென்சன் ரூபாவில் நாலு மடங்கானது. இதை அவர் தன் கெட்டித்தனம் என்று நம்பினார் போலும். மாதம் ஒரு முறை கோட்டு அணிந்து, பட்டணத்துக்குப் பேருந்தில் போய்வருவார். திரும்பும்போது எனக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். எனக்குப் பென்சன் என்ற சொல்லின் முதற் பொருள் பேரீச்சம்பழம்தான்.

அப்பப்பா ஊருக்கு வந்த அதே ஆண்டில் அப்பா இலிகிதராக அரச சேவையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பின்னர் தமிழ் ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதவேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்றானது. கேகாலைக் கச்சேரியில் வேலை பார்த்த கோடீஸ்வரன் என்ற இலிகிதர் பரீட்சை எழுத மறுத்தார். உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். மாவட்ட நீதிமன்றம் 1964 இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குப் போடவே முடியாது என்று உயர் நீதிமன்றம் 1967 இல் அதைத் தள்ளியது. 1969 இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம், போட முடியும் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியை அது தான் தீர்க்காமல் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பு வந்து அந்தக் கேள்வியையே விழுங்கிவிட்டது.

அப்பா பரீட்சை எழுதினார். சித்தியும் அடைந்தார். குருநாகலிலும் அநுராதபுரத்திலும் வேலை செய்து, 1958 ஐயும் 1977 ஐயும் கண்டு, கடைசியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்து சேர்ந்தார். இந்தப் பரீட்சைக் கதையை அவர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னார்:

"கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். நான் சோதனை எழுதினன். எனக்கு நாலு தங்கச்சிமார்."

அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நிருபனுக்கு எங்கும் கேள்வி வரும், சொந்த வீட்டில் மட்டும் வராது.

1990 ஆகஸ்டில் தீவுப்பகுதியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது நாங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டோம். பட்டணத்தில் வாடகை அறை. யாழ்ப்பாணம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அந்த ஐந்தாண்டுகளிலும் கச்சேரி இயங்கியது. சம்பளமும் ஓய்வூதியமும் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தன. போரிடும் இரு தரப்புக்கும் நடுவே ஒரு சம்பளப் பட்டியல் மட்டும் போய்வந்தது என்று வெளிநாட்டுப் பத்திரிகை நண்பர்களிடம் சொன்னால் இன்றும் நம்பமாட்டார்கள். அப்பா 1995 இல் அறுபதை எட்டி ஓய்வுபெறும் பத்திரங்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, ஒக்டோபர் 30 ஆம் தேதி இரவு வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தார்கள். அம்மா அரிசியும் நகையும் எடுத்தார். அப்பா சாரத்தில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டது தன்னுடைய சேவைக் கோவையை. முதல் நியமனக் கடிதத்திலிருந்து கடைசி இடமாற்றம் வரை எல்லாம் அதில் இருந்தன. அலுவலகக் கோவையை வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். நாற்பது ஆண்டுச் சேவையில் அவர் செய்த ஒரே விதிமீறல் அது. அந்தக் கோவை இல்லாவிட்டால் இந்த ஓய்வூதியமும் இல்லை.

அம்மாவும் அப்பாவும் 2004 இல் கனடா போனார்கள். அக்கா கூப்பிட்டாள். இங்கேதான் அக்காவுக்கும் அப்பாவுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் சண்டை தொடங்குகிறது. உயிர்வாழ் சான்றிதழுக்காக அப்பா ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போகவேண்டும். அக்கா அந்தப் படியை மிதிக்கமாட்டாள். அவள் கணவரின் தம்பி 1990 இல் மண்டைதீவில் பிடித்துச் செல்லப்பட்டவர், திரும்பவில்லை. எனவே அவள் காரிலேயே இருப்பாள். அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு தனியே உள்ளே போவார்.

"அந்தப் பிச்சைக் காசுக்காக அவங்களுக்கு முன்னாலை போய் நிக்கிறியள் அப்பா. எவ்வளவு வேணும் சொல்லுங்கோ, நான் தாறன்" என்பாள் அக்கா.

"அது அவங்கடை காசில்லை, பிள்ளை. என்ரை நாப்பது வருசம்" என்பார் அப்பா.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. அக்காவின் வலியை நான் எடைபோட மாட்டேன். அப்பாவின் வாதத்தை மட்டும் ஒருநாள் நூலகத்தில் சரிபார்த்தேன். 1901 ஆம் ஆண்டிலிருந்து வரும் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் முதலாவது பிரிவே, இவ்விதிகளின்கீழ் அரச ஊழியருக்கு ஓய்வூதியத்தில் முழுமையான உரிமை கிடையாது என்ற பொருளில்தான் தொடங்குகிறது. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு மூத்த இலிகிதருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

காசைப் பொறுத்தவரை அக்கா சொன்னது பெரிதும் உண்மை. மாதம் 50,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் அது ஏறக்குறைய 250 அமெரிக்க டொலர். மே மாதத்தில் 140 டொலர்கூட இல்லை. அப்பப்பா கதிரையில் படுத்திருக்கப் பெருகிய அதே வித்தை, அப்பாவுக்குத் தலைகீழாக நடந்தது. அந்த மே மாதத்தில் ஒரு ரிங்கிற்றுக்கு எண்பது ரூபா. அப்பப்பா இருந்திருந்தால் எத்தனை பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆனால் அந்த ரூபா கனடாவுக்குப் போவதேயில்லை. பாதி வீட்டைக் கூட்டிப் பெருக்கி, மாலையில் விளக்கு வைக்கும் ஒன்றுவிட்ட மாமிக்கு ஒரு பங்கு. நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஒரு பங்கு. கோடைக்கு முன் கிணறு இறைக்கக் கூலி. மிச்சம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொப்பி. இந்தக் கணக்கைத் தொலைபேசியில் ஒரு சதம் விடாமல் கேட்பார்.

2016 இல் நான் ஒரு பிழை விட்டேன். கடித உறை வந்த கிழமை வேலை நெருக்கடி. மேசை லாச்சியில் போட்டேன், மறந்தேன். ஓய்வூதியம் நின்றுபோனது. நான் ஓடிப்போனபோது அங்கிருந்த இளைஞர், "கடதாசி வரேல்லை அண்ணை, ஆள் இல்லையாக்கும் எண்டு நினைச்சிட்டம்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நிலுவையோடு பின்னர் எல்லாம் வந்து சேர்ந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நான் ரெண்டு மாசம் செத்துக் கிடந்திருக்கிறன்" என்று சிரித்தார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

அன்று அதே வாங்கில் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். 1990 இல் காணாமற்போன மகனுக்காக வந்தவர். மரணச் சான்றிதழ் எடுங்கள், உதவித்தொகை கிடைக்கும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லியிருக்கிறார்கள், மறுத்துவந்திருக்கிறார். அந்த ஆண்டில்தான் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு வழி செய்திருந்தார்கள். "அதிலை செத்தவன் எண்டு எழுதமாட்டினம்தானே, தம்பி? வாசிச்சுச் சொல்லு" என்றார். வாசித்துச் சொன்னேன். என் கையில் அப்பாவின் கடதாசி இருந்தது. அதை ஏனோ மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இனிக் கனடாவின் கணக்கு. பதினெட்டு வயதுக்குப் பின் பத்தாண்டு அங்கே வாழ்ந்தால் முதியோர் ஓய்வூதியம் உண்டு. முழுத்தொகைக்கு நாற்பது ஆண்டு என்பதால் அப்பாவுக்கு நாலில் ஒரு பங்கு. கூடவே வருமானம் குறைந்தோருக்கான ஒரு சேர்ப்புத்தொகை. ஆனால் இருபது ஆண்டு நிறைவதற்குள் நாட்டைவிட்டுப் போனால், ஆறு மாதத்துக்குப் பின் எல்லாம் நின்றுவிடும். இருபது நிறைந்தபின் அந்தக் கால் பங்கு உலகில் எங்கு போனாலும் பின்தொடரும். சேர்ப்புத்தொகை மட்டும் நிற்கும். (இலண்டனில் உழைத்து ஊருக்குத் திரும்பும் நம்மவர் நிலை வேறுவிதம். பிரித்தானிய ஓய்வூதியம் இலங்கைக்கு வரும். ஆனால் ஆண்டு உயர்வு கிடையாது. வெளியேறிய நாளின் தொகை அப்படியே உறைந்து நிற்கும்.)

அப்பா இந்த விதியை எப்போதோ வாசித்து வைத்திருந்தார் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. 2024 யூன் மாதத்தில் ஒரு விடிகாலை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, இருபது வருசம் நேற்றோடை முடிஞ்சுது. நான் இனி வரலாம். ரெண்டு பென்சனோடை வாறன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா போய் ஆறு ஆண்டு. அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஓராண்டு. விமானத்தில் இருக்கவே வைத்தியர் விடமாட்டார். இருபது ஆண்டாக அந்த மனிதர் பன்னிரண்டாம் மாடியில் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். மகளிடம் தங்கியிருக்க வந்த தகப்பன் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ இன்னுமொரு இடமாற்றத்தில் போய், திரும்பும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்த இலிகிதர்.

"வாங்கோ அப்பா. குளிர் முடியட்டும்" என்றேன். யூன் மாதத்தில் ஏது குளிர்? அவர் திருத்தவில்லை.

இந்த ஆண்டுக் கடித உறையைப் பிரித்தபோது கையொப்பம் இருந்த இடத்தில் நீல மை தோய்ந்த பெருவிரல் அடையாளம். நாற்பது ஆண்டு மற்றவர்களின் கடிதங்களை முத்துப்போல எழுதிக் கொடுத்த விரல். அக்கா ஒரு சிறு துண்டு வைத்திருந்தாள்: 'இம்முறை சக்கர நாற்காலி. ஆகவே நானும் உள்ளே போனேன்.' அவ்வளவுதான். வேறொன்றும் எழுதவில்லை.

தாளை ஒப்படைத்தேன். அலுவலர் பெண் பழைய கையொப்பத்தையும் பெருவிரலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஐயா ஊருக்கு வரமாட்டாரோ?" என்று கேட்டபடியே முத்திரையைக் குத்தினார். மாலையில் அப்பாவை அழைத்தேன்.

"ஏற்றுக்கொண்டினமோ?"

"ஓமப்பா."

"அப்ப இன்னும் ஒரு வருசம்" என்றார். சற்றுப் பொறுத்து, "கிணறு இறைச்சாச்சோ?" என்று கேட்டார்.

"நாளைக்கு ஆள் வருகுது, அப்பா" என்றேன். பேச்சை முடித்த கையோடு, இறைக்கிற ஆளைத் தேடித் தொலைபேசி எடுத்தேன்.