மாமாவின் வைக்கோலும் என் கணக்கும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். காதலைப் பற்றியும் கல்லூரி மரத்தடியைப் பற்றியும் எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். வைக்கோலைப் பற்றி எழுத வேறு ஆள் இருக்காது என்ற தைரியத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்க வேண்டாம். போன வருஷம் இந்த வைக்கோலால் என் அத்தையின் நாலு சவரன் சங்கிலி அடகுக்கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது. போக வைத்தவன் நான்.

எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து நகரி போகிற பக்கம். களத்தில் நின்றால் முருகன் மலை தெரியும். 1960இல் திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். மாடுகளுக்கு அந்த எல்லை தெரியாது. "வரிகட்டி உந்தா?" என்று அந்தப் பக்கத்துப் பால்காரர்கள் மாமா வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வரிகட்டி என்றால் நெல் வைக்கோல்.

மாமாவிடம் 45 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. வைக்கோலைச் சுருட்டிக் கட்டுகிற சின்ன பேலர் ஒன்றும் வாங்கியிருந்தார். முன்பெல்லாம் ஆள் வைத்து அறுத்து, களத்தில் அடித்து, போர் போடுவார்கள். இப்போது அறுவடை மிஷின் வந்து நெல்லை எடுத்துக்கொண்டு வைக்கோலை வயலிலேயே வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அதை பேலர் அள்ளிச் சுருட்டி, நூல் சுற்றி, கட்டாகத் தள்ளும். எங்கள் பக்கம் ஏக்கருக்கு முப்பதிலிருந்து நாற்பது கட்டு கிடைக்கும். ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு ஓட்டினால் கடன் அடைந்துவிடும் என்பது மாமாவின் திட்டம்.

வந்தது சொர்ணவாரி அறுவடை. ஆடி கடைசி, ஆவணி என்றால் மழையும் கூடவே வரும். அறுத்த அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் வெயிலில் மேல் வைக்கோல் பொன்னாகக் காய்ந்துவிட்டது. ஆயா மட்டும் குனிந்து அடியிலிருந்து ஒரு பிடி உருவி முறுக்கிப் பார்த்தாள். "ஒடியலடா, வளையுது. கட்டாதீங்க" என்றாள். நானும் ஒரு பிடியைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துவந்து, சிவில் நண்பன் தயவில் அவர்கள் லேபில் மண் உலர்த்துகிற அடுப்பில் வைத்தேன். 105 டிகிரியில் ஒரு நாள். 100 கிராம் போனது, 76 கிராம் வந்தது. அதாவது 24 சதவீதம் ஈரம். கட்டுவதற்குப் பதினைந்து, மிஞ்சினால் பதினெட்டுக்குள் இருக்க வேண்டும்.

என் விடை வருவதற்குள் மாமா கட்டி விற்றுவிட்டார்!

நாலாம் நாள் பால் கறந்து பிழைக்கிற ஒரு அம்மா வண்டியில் அறுபது கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். நூலை அறுத்ததும் உள்ளே வெண்பூஞ்சை. கையை விட்டால் சுட்டது. ஈரமான வைக்கோலை இறுக்கிக் கட்டினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளப்பும். "மாடு மோந்துட்டு மூஞ்சைத் திருப்பிக்குதுப்பா" என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மாமாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போதுதான் 'டெட்டர்' என்கிற சாமான் பேச்சில் வந்தது. டிராக்டரின் பின்னால் மாட்டுவது. பி.டி.ஓ. தண்டு சுழன்றால் குடை மாதிரி இருக்கும் ரோட்டர்கள் சுற்றும். அவற்றின் நுனியில் உள்ள ஸ்பிரிங் கம்பிகள் வைக்கோலைத் தூக்கி உதறிப் பரப்பும். அடி ஈரம் மேலே வந்து காற்றும் வெயிலும் படும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குதிரை இழுக்கிற டெட்டர் வந்துவிட்டது. பச்சைப் புல்லை அறுத்துக் காயவைப்பதற்காக அவர்கள் செய்தது. நம் ஊரில் அந்த வேலைக்குக் கவைக்கோலும் நாலு பெண்களும் போதும் என்று இருந்தோம். இப்போது கவைக்கோல் இருக்கிறது, ஆள் இல்லை.

விற்பனை செய்கிறவர் இரண்டு அளவு காட்டினார். மூன்று மீட்டர் அகலம், இரண்டு ரோட்டர். ஐந்து மீட்டர் அகலம், நாலு ரோட்டர். "உங்க 45 எச்.பி.க்குப் பெரிசே தாராளம் சார்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். "இன்னா மாப்ளே, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே!"

நண்பர்களே, அந்த ஒரு கணத்தில் எனக்கு வந்த பெருமை இருக்கிறதே! பேனாவை எடுத்தேன். அகலத்தை வேகத்தால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை ஹெக்டேர் என்று வரும். ஐந்து மீட்டர், மணிக்கு 8 கிலோமீட்டர்: 4 ஹெக்டேர். திருப்பம், தாமதம் எல்லாம் போக முக்கால் பங்கு என்றாலும் 3 ஹெக்டேர், ஏழு ஏக்கருக்கு மேல். சின்னதில் நாலரை ஏக்கர்கூடத் தேறாது. "பெரிசே வாங்குங்க மாமா" என்றேன். மறுநாளே அத்தை சங்கிலியைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மாமா அடகுக்கடைக்குப் போனார். அன்றைக்கு நல்லவேளையாகக் கடை அடைப்பு.

அன்று சாயங்காலம் ஆயா கேட்டாள்: "அஞ்சு மீட்டர்னா எத்தினி மொழம்டா?" சொன்னேன். "நம்ம கிணத்தாங்கரை கழனியில அது எங்க திரும்பும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு போனோம். கிணற்றங்கரைக் கழனி முப்பது சென்ட். ஐம்பது மீட்டர் நீளம், இருபத்து நாலு மீட்டர் அகலம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒருவருக்குச் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர் எண்பத்தைந்து சென்ட். அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. மாமா வாடகைக்கு ஓட்டப்போவது இந்த மாதிரித் துண்டுகளில்தான்.

அன்று ராத்திரி மறுபடி கணக்குப் போட்டேன். ஐம்பது மீட்டர் ஓட இருபத்திரண்டரை விநாடி. மூன்று மீட்டர் மிஷினுக்கு எட்டு ஓட்டம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் இருபது விநாடி வைத்தால் மொத்தம் 5 நிமிடம் 40 விநாடி. ஐந்து மீட்டருக்கு ஐந்து ஓட்டம் போதும். ஆனால் வரப்பில் இடிக்காமல் தூக்கி, பின்வாங்கித் திருப்ப நாற்பது விநாடியாவது ஆகும். மொத்தம் 5 நிமிடம் 12 விநாடி. லாபம் வெறும் 28 விநாடி! அடுத்த கழனிக்குப் போக இரண்டு பக்க ரோட்டரையும் மடக்கி, வரப்பு தாண்டி, விரிக்க வேண்டும். அந்த 28 விநாடி அங்கேயே போய்விடும். நான் போட்ட முக்கால் பங்கு என்பது நீளமான பெரிய வயலுக்கு.

இன்னொன்றும் இருந்தது. அதை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் பிடித்தேன். மாமாவின் பேலர் மணிக்கு ஒரு ஏக்கர்தான் கட்டும். பனி விட்டு பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் ஐந்து மணிக்குள் ஆறு ஏக்கர். நாளைக்கு இருபது ஏக்கரை உதறிப் பரப்பி என்ன பண்ணுவது? பரப்பின வைக்கோலில் மழை பெய்தால் குவியலாகக் கிடப்பதைவிட நன்றாக நனையும். டிராக்டருக்கு எவ்வளவு இழுக்க முடியும் என்பதை மட்டும்தான் நான் பார்த்தேன். கட்டுகிற மிஷினுக்கு எவ்வளவு முடியும் என்று பார்க்கவில்லை.

காலையில் மாமாவிடம் "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டியிருந்தது. வைவாவில் வெளித்தேர்வாளர் முன்னால் நின்றபோதுகூட அவ்வளவு வேர்க்கவில்லை. மாமா பேப்பரைப் பார்த்தார், ஆயாவைப் பார்த்தார். "சங்கிலியை எடுத்து உள்ள வை" என்று அத்தையிடம் சொன்னார். என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

பிறகு பழைய மூன்று மீட்டர் மிஷின் ஒன்று கிடைத்தது. சீட்டுப் பணத்திலேயே முடிந்தது. அதிலும் ஒரு பாடு பட்டோம். முதல் தடவை கடலைக்கொடியில் ஓட்டி, பி.டி.ஓ.வை 540 சுற்றுக்கு வைத்து உதறியதில் இலையெல்லாம் கொட்டிக் காம்புதான் மிஞ்சியது. மாட்டுக்கு ருசி இலையில்தான். அப்புறம் கடலைக்கொடி என்றால் பனி ஈரம் இருக்கும்போதே, எஞ்சினைக் குறைத்து மெதுவாக ஓட்டுகிறோம்.

இந்த வருஷம் சொர்ணவாரியிலும் மழை வந்தது. வெயில் வந்ததும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை உதறினோம். மறுநாளும் அப்படியே. ஆயா முறுக்கிப் பார்த்து, படக்கென்று ஒடிந்த பிறகுதான் வாரி வரிசையாக்கிக் கட்டினோம். போன வருஷம் அறுபது கட்டைத் திருப்பின அம்மா வந்தார். மாமா எழுந்து நின்றார். அந்த அம்மா எதுவும் பேசாமல் ஒரு கட்டின் நடுவில் முழங்கை வரைக்கும் கையை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு வெளியே எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இருபது கட்டு ஏத்துப்பா. மாடு தின்னா மிச்சத்துக்கு வரேன்" என்றார்.