டிவிக்குக் காது இல்லை

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடிய பிறகு, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் டிவியில்தான் வந்தது. 2019 ஆகஸ்டில் அரசு தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டிலும் கேபிள் இருந்தது. அது சின்ன விஷயமில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் அப்போது நாலாவது. தறிச் சத்தத்துக்கு மேல் வால்யூமை ஏற்றிவைத்துப் பின்னக் கணக்கு பார்ப்பான். "புரிஞ்சுதா?" என்பார் டீச்சர். "இல்ல மிஸ்" என்பான். டிவிக்கு வாய் மட்டும்தானே.

கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுபவர் தவறவிட்டால் நெசவாளர் கை உடனே நிற்கும். சில மாதங்களில் அந்தப் பக்கத்து இடத்தில் இவன் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு ஓர் ஆள் கூலி மிச்சம். தப்பு செய்தால் அப்பா நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்; டிவியில் அது கிடைக்கவில்லை.

2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' எங்கள் தெருவுக்கும் வந்தது. சாயங்காலத்தில் ஒரு தன்னார்வலர் அக்கா, திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள். "புரிஞ்சுதாடா?" என்று கேட்டுவிட்டு அக்கா காத்திருந்தார். அவன் யோசித்து, "இல்லக்கா" என்றான். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தொலைதூரப் பாடத்துக்கு எத்தனை திரை வாங்கினாலும், அந்தக் காத்திருப்புக்கு ஓர் ஆள் வேண்டும்.